அசருக்குப் பிறகு அடிக்கும் போன்

ரோலா, ஷார்ஜா
17 அக்டோபர் 2025

காக்காவுக்குத் தங்கை அஃபீஃபா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

அன்று நான் உங்களிடம் சொல்லாதது ஒரே ஒரு வாக்கியம். "காக்கா, வாப்பா மௌத்தாயிட்டாங்க." அவ்வளவுதான். இதைச் சொல்லாமல் இருப்பதற்காகப் பத்தொன்பது நாள் வேறு என்னென்னவோ எழுதினேன். கடைசியில் உங்களைக் கூப்பிட்டபோதும் இதைச் சொல்லவில்லை. "வாப்பா இப்ப இல்ல காக்கா" என்றேன், கடைக்குப் போயிருப்பவரைப் பற்றிச் சொல்வது போல. நீங்கள் ஒன்றும் கேட்காமல் வைத்துவிட்டீர்கள்.

உங்கள் ரூமில் இருக்கும் அன்பரசன் அண்ணன் போன வாரம் பேசினார். "தங்கச்சி, போன்ல வர்ற எதையும் அவரு நம்ப மாட்டேங்குறாரு. கையால எழுதி வந்தாப் படிப்பேங்குறாரு" என்றார். அதனால் எழுதுகிறேன். மீரா சாகிப் மாமா புதன்கிழமை உம்ரா பஸ்ஸில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறார். மதீனாவில் உங்கள் கேம்ப் டிரைவர் மஹ்மூதிடம் இதைக் கொடுத்துவிடுவார்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். செப்டம்பர் பதினொன்று, வியாழக்கிழமை. மஃரிப் தொழுகைக்குப் பிறகு வாப்பா இங்கே நம் துணிக்கடையில் கைலி மடித்துக்கொண்டிருந்தவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. மறுநாள் வீடு முழுக்க ஆட்கள். உங்கள் ரிஃபைனரியில் மராமத்துக்காக ஷட்டவுன் தொடங்குகிறது, இருபது நாள் லீவே கிடையாது, நீங்கள் டவர் மேல் நின்று வேலை பார்ப்பீர்கள் என்பதெல்லாம் மீரா சாகிப் மாமாவுக்குத் தெரிந்திருந்தது. "உசரத்துல நிக்கிற புள்ளக்கி இப்பச் சொல்லாதீங்க. கால் நடுங்கிடும். ஷட்டவுன் முடியட்டும்" என்றார். ஒருவர்கூட மறுக்கவில்லை. நம் ஆட்களிடம் இதற்குப் பொய் என்ற பெயரே கிடையாது. ஊரில் ஒருவர் போய்விட்டால் இங்கிருப்பவருக்கு "சீரியஸ், கிளம்பி வா" என்றுதான் சேதி வரும். மிச்சம் விமானம் இறங்கிய பிறகு. அங்கே இருந்த எல்லோரும் அப்படி ஒரு சேதியை வாங்கியவர்கள், அல்லது சொன்னவர்கள்.

ஆண்கள் ஜுமா தொழுகைக்குப் போனார்கள். வாப்பாவின் போன் என் மடியில் இருந்தது. அப்போது உங்கள் மெசேஜ் வந்தது, பதினோரு மாதம் கழித்து. "வாப்பா, நாளைக்கு மேல ஏறுறேன். இன்னும் கோபமா?"

நான் டைப்பிங் சென்டரில் வேலை செய்கிறவள். எதிரே உட்காருபவர் வாயால் சொல்வதை அவராகவே மாறி எழுதுவதுதான் எட்டு மணி நேரமும் என் வேலை. ஆனால் அன்று எதிரே யாரும் இல்லை. விரல்கள் தாமாகவே எழுதின: "கோபம் இல்லை. பெல்ட் போட்டு ஏறு." அப்போதுதான் வாப்பாவைக் குளிப்பாட்டித் தூக்கிப் போயிருந்தார்கள்.

போன வருடம் ரோலா பஸ் ஸ்டாண்டில் நீங்களும் வாப்பாவும் சண்டை போட்ட இரவு, உங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் வந்தேன். கடைசி வார்த்தை மட்டும்தான் என் காதில் விழுந்தது. "என் மையித்துக்கு மண் போடக்கூட நீ வராத." வாப்பா கோபத்தில் சொன்னார். அதை நடத்திக் காட்டியது நான்.

நான் சொன்ன அந்த நாளிலிருந்து தினமும் அசர் தொழுகைக்குப் பிறகு வாப்பாவின் போன் அடிக்கிறது. நீங்கள்தான். நான் எடுப்பதில்லை. யாராக எடுப்பது? பிறகு மொட்டை மாடியில் அரை மணி நேரம் தனியாகப் பேசுகிறீர்களாம். மனசு சரியில்லையாமே, காக்கா?

அஃபீஃபா


யான்பு, சவூதி
31 அக்டோபர் 2025

அஃபீஃபா,

வ அலைக்கும் ஸலாம். கடிதம் வந்தது, உன் கையெழுத்துதான். மூன்று தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் படித்தேன்.

பைத்தியமா என்று கேட்காமல் "மனசு சரியில்லையாமே" என்று எழுதியிருக்கிறாய். டைப்பிங் சென்டர் மரியாதை.

கேம்பில் எனக்குப் பைத்தியம் என்று முடிவு செய்துவிட்டார்கள். நானும் மறுக்கவில்லை. அன்பரசன் என் தலையணைக்கடியில் திருநீற்றுப் பொட்டலம் வைத்திருக்கிறான். பட்டான் ஃபோர்மேன் தண்ணீரில் ஓதி ஊதித் தந்தான். மெஸ்ஸில் எனக்கு மட்டும் இரண்டு மீன். பைத்தியத்துக்கு இவ்வளவு மரியாதை என்று தெரிந்திருந்தால் முன்னாடியே ஆகியிருப்பேன். நேற்று அன்பரசன் கேட்கிறான், "பாய், மேல போயி யார்கூடப் பேசுறீங்க?" "எங்க வாப்பாகூட." "அவரு என்ன சொல்றாரு?" "உன்னைக் கொறட்டை விடாமத் தூங்கச் சொல்றாரு." ராத்திரி முழுக்க அவன் தூங்கவே இல்லை, பாவம்.

இதில் ஒரு லாபமும் உண்டு. என்னை மேலே அனுப்புவதில்லை. ஸ்டோர் டியூட்டி. மேலே போகிறவர்களுக்குப் பெல்ட் எடுத்துக் கொடுத்து, கொக்கி சரியாக மாட்டுகிறதா என்று பார்க்கிற வேலை. நடிக்கிறேன் என்றுதான் தொடங்கினேன். போன வாரம் சும்மா ஓர் ஏணியின் மூன்றாவது படியில் கால் வைத்தேன். கால் என் பேச்சைக் கேட்கவில்லை. அது நடிப்பில்லை.

சூப்பர்வைசர் கம்பெனி டாக்டரிடம் காட்டச் சொல்கிறான். அன்ஃபிட் என்று எழுதிவிட்டால் கலாஸ், ஊர்தான். போகட்டும்.

ஏன் போன் பண்ணுகிறேன் என்று இப்போது சொல்லமாட்டேன். நீ முதலில் ஒன்றுக்குப் பதில் சொல். ஷட்டவுன் பத்தாம் நாள், "அஃபீஃபா எப்படி இருக்கா வாப்பா?" என்று எழுதியிருந்தேன். ஒரு பதில் வந்தது. அது யாருடையது?

உம்மாவிடம் எதையும் சொல்லாதே.

ராஜிக்


ரோலா, ஷார்ஜா
21 நவம்பர் 2025

காக்கா,

இந்தக் கேள்வியை நீங்கள் கேட்காமல் விட்டுவிடுவீர்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்தப் பதில் என்னுடையது. "அவள் இல்லாவிட்டால் நான் இல்லை. அவள்தான் என் பலம்." நானே எழுதினேன். அனுப்பிவிட்டு அதே திரையில் அதைப் படித்தேன். மறுநாளும் படித்தேன். வாப்பாவின் போனில், வாப்பாவின் பெயரில், என்னைப் பற்றி. இருபத்தாறு வருடம் அவர் வாயிலிருந்து வரும் என்று காத்திருந்த பேச்சு. ஒரு மையித்தின் சட்டைப் பையில் கைவிட்டு அவர் தராததை எடுத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது. திருட்டு என்று தெரிந்தும் திருப்பி வைக்க மனம் வரவில்லை.

இன்னும் சொல்கிறேன். முதல் நாள் பயத்தில் எழுதினேன். மூன்றாம் நாள் உங்கள் மெசேஜுக்காகக் காத்திருந்தேன். எழுத உட்காரும்போது கடையின் புதுத்துணி வாசம் வரும். அவர் தொண்டையைச் செருமும் சத்தம் என் தொண்டைக்குள்ளேயே கேட்கும். நீங்கள் "சாப்பிட்டீங்களா வாப்பா?" என்று கேட்டால், அவர் என்ன சாப்பிட்டிருப்பார் என்று யோசித்து, அடுப்படிக்குப் போய் அதையே சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வந்து பதில் எழுதியிருக்கிறேன். வீடு முழுக்க அவர் இல்லை. என் கைக்குள் மட்டும் இருந்தார். எல்லோருக்கும் வாப்பா செப்டம்பர் பதினொன்றில் போனார். எனக்கு, உங்களிடம் சொன்ன அன்றுதான் போனார்.

தபால் வழியில் பி.ஏ. படித்தபோது ஓர் ஆங்கிலத் துயர நாடகம் பாடமாக இருந்தது. தகப்பனை இழந்த இளவரசன் ஒருவன் பைத்தியம்போல் நடந்துகொள்வான். அவனுடையது நடிப்பா உண்மையா என்று பரீட்சையில் கேட்டார்கள். நடிப்புதான் என்று நான்கு பக்கம் எழுதி நல்ல மார்க் வாங்கினேன். உங்கள் ஏணியின் மூன்றாவது படியைப் படித்ததும் அந்த விடைத்தாள் ஞாபகம் வந்தது. அதே நாடகத்தில் தகப்பனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணும் இருந்தாள். அவளைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை.

உம்மா இத்தாவில் இருக்கிறார். நான்கு மாதம் பத்து நாள் முடியும்வரை வாசல் தாண்டமாட்டார். தினமும் போன் அடிக்கும்போது தஸ்பீஹ் உருட்டும் கை நின்றுவிடும். நேற்று கேட்டுவிட்டார்.

"யாருமா அது, தினம் இதே நேரத்துக்கு?"

"ராங் நம்பர் உம்மா."

"ராங் நம்பர் பாங்கு சொன்ன பொறவுதான் அடிக்குமா? எடுத்துப் பேசேன். மௌத்தானவங்க போன எடுக்கக் கூடாதுன்னு எந்தக் கிதாபுல இருக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. உம்மாவுக்கும் வந்தது. பிறகு இரண்டு பேரும் வேறு வேறு அறைக்குப் போய்விட்டோம்.

உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன். இப்போது நீங்கள் சொல்லுங்கள்.

அஃபீஃபா


யான்பு
12 டிசம்பர் 2025

அஃபீஃபா,

எழுதுவதா வேண்டாமா என்று பத்து நாள் யோசித்தேன். மஹ்மூது கீழே ஹாரன் அடிக்கிறான். எழுதிவிடுகிறேன்.

எனக்கு முதல் நாளே தெரியும்.

வாப்பாவுக்கு நான் மெசேஜ் போட்டது உங்கள் ஊர் ஜுமா நேரத்தில். வேண்டுமென்றேதான் போட்டேன். ஜுமாவுக்குப் போனால் அவர் போனைக் கடை மேசை டிராயரில் பூட்டிவிட்டுப் போவார். தொழுதுவிட்டு வந்து பார்க்கட்டும், அந்த நேரத்து மனசோடு பார்க்கட்டும் என்று கணக்குப் போட்டேன். தொழுகைக்கு முந்தைய குத்பா பிரசங்கம் நடக்கும்போதே பதில் வந்துவிட்டது. நம் வாப்பாவா? அவருடைய கடை எரிந்தாலும் குத்பாவில் எழுந்திருக்கமாட்டார்.

அதனால் நீதான் என்று தெரிந்துவிட்டது. அவர் கோபம் தீரவில்லை, போனைத் தூக்கி எறிந்திருப்பார், நீ பாவம் பார்த்து எழுதுகிறாய் என்று நினைத்தேன். உன் மனம் நோகக் கூடாது என்று நம்புவதுபோல் நானும் எழுதிக்கொண்டிருந்தேன். நீ அவராக நடித்தாய், நான் ஏமாந்தவனாக நடித்தேன். அந்த டவர் மேல் தினமும் பன்னிரண்டு மணி நேரம் நின்று அவரைத் திட்டினேன். ஒரு வார்த்தை எழுத விரல் இல்லையா உங்களுக்கு என்று. வாய்விட்டுத் திட்டினேன், காற்றில் யாருக்குக் கேட்கப்போகிறது. பத்தொன்பது நாள், அஃபீஃபா. கபரில் கிடந்தவரை.

நீ சொல்லியிருந்தாலும் என்னால் வந்திருக்க முடியாது. ரீ-என்ட்ரி விசா அடிக்கவே மூன்று நாள் ஆகும். மண் போடாதது உன் குற்றம் இல்லை, அதை இன்றோடு விட்டுவிடு. ஆனால் எல்லோரோடும் சேர்ந்து அழுதிருப்பேன். ஊரே அழுது முடித்த பிறகு ஒருத்தன் தொடங்கினால் அவன் பைத்தியம் மாதிரித்தான் தெரிவான்.

பஸ் ஸ்டாண்டில் நீ கடைசி வார்த்தையைத்தான் கேட்டாய். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. கடையைப் பார்க்கமாட்டேன், யான்பு போகிறேன் என்றேன். வாப்பா சொன்னார்: "போ. எனக்கு அஃபீஃபா போதும். பத்து ஆம்பளப் புள்ளக்கிச் சமம் அவ." உன்னிடம் ஒரு நாளும் சொல்லாததை என்னைக் குத்துவதற்காகச் சொன்னார். குத்தியது. அதற்கு நான் சொன்னேன்: "அப்ப உங்க மையித்தையும் அவளே தூக்கட்டும்."

அதற்குப் பிறகுதான் அவர் அப்படிச் சொன்னார். நான்தான் முதலில் சொன்னேன்.

அதுவேதான் நடந்தது. மற்றவர்கள் அரை மணி நேரம் சுமந்து இறக்கி வைத்தார்கள். பத்தொன்பது நாள் தனியாகத் தூக்கிக்கொண்டு நின்றவள் நீ. ஆகவே அந்தப் பதிலை நீ எங்கிருந்தும் திருடவில்லை. அவர் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறாய், சொன்னார் என்று தெரியாமலேயே.

ஏன் போன் பண்ணுகிறேன் என்று கேட்டாயே. அந்த போன் அடிக்கிறது என்றால் யாரோ சார்ஜ் போடுகிறார்கள். யார் என்று எனக்குத் தெரியும். அது அடிக்கிற ஒரு நிமிடம் நம் வீடு என் காதில் கேட்கும். பிறகு வாப்பாவிடம் மன்னிப்புக் கேட்கிறேன், திட்டியதற்கும் அதற்கு முந்தியதற்கும். ஓரிரு நாள் பதிலுக்காகக் காத்து நின்றதும் உண்டு. அதை அன்பரசனிடம் சொல்லாதே.

கபருக்கு வரச் சொல்லி மீரா சாகிப் மாமா சேதி அனுப்பியிருந்தார். வரமாட்டேன். வராதே என்று சொன்னவர் அதைத் திருப்பி எடுக்கவில்லை. அவர் பெயரில் நீ எடுத்தாய், அவர் எடுக்கவில்லை.

ராஜிக்


ரோலா, ஷார்ஜா
26 டிசம்பர் 2025

காக்கா,

உங்கள் கடிதத்தைக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுப் படித்தேன். "பத்து ஆம்பளப் புள்ளக்கிச் சமம்." என்னிடம் சொல்லியிருந்தால் அவருக்கு என்ன குறைந்திருக்கும். அதற்கு மேல் இதைப் பற்றி எழுதத் தெரியவில்லை.

இது வேறு விஷயம்.

இங்கே காலையில் மூடுபனி. எதிர்க் கட்டடமே தெரிவதில்லை. மணி எக்ஸ்சேஞ்ச் வாசலில் நிற்கும் வரிசை பாதியில் காணாமல் போய்விடுகிறது. அப்படி ஒரு காலையில் வாப்பாவின் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, உங்கள் முதல் மெசேஜை மறுபடி திறந்தேன். நூறு தடவை பார்த்திருப்பேன். தினம் அடிக்கும்போது திரையில் வருவதும் அதுதான், ஆனால் மேலே இருப்பது இப்போதுதான் எனக்கு உறைத்தது.

அங்கே எண் இல்லை. பெயர் இருக்கிறது. "ராஜிக் யான்பு."

யான்பு எண்ணை நீங்கள் வாங்கியது அங்கே போன பிறகு. அதில் நானும் உம்மாவும் வாப்பாவுக்குத் தெரியாமல் என் போனிலிருந்துதான் பேசினோம். அவரிடம் அந்த எண்ணை நான் கொடுக்கவில்லை. உம்மாவுக்குப் பெயர் பதியத் தெரியாது. வாப்பா போனதிலிருந்து அந்த போன் என்னிடம்தான் இருக்கிறது, நான் எதையும் பதியவில்லை. முதல் மெசேஜே பெயரோடுதான் வந்திருக்கிறது.

மீரா சாகிப் மாமாவைப் போய்க் கேட்டேன்.

"நோன்பு நேரத்துல கேட்டு வாங்குனாங்கமா. யாருகிட்டயும் சொல்லாத மீரான்னாங்க. சொல்லாம இருந்துட்டேன்."

"பேசினாங்களா மாமா?"

"கூப்புடுறதுக்கு எடுப்பாங்க. பேர வச்சிப் பாப்பாங்க. பொறவு உள்ள வச்சிருவாங்க. அவங்க வீம்பு உனக்குத் தெரியாததா?"

இதை நான் எழுதவில்லை, காக்கா. இது அவர் விரல்.

உம்மாவின் இத்தா ஜனவரி பதினேழில் முடிகிறது. பெண் என்பதால் வாப்பாவை அடக்கிய மையவாடிக்குள் எனக்குப் போக வழியில்லை. கபரின் கல்லில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். மாமா ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தந்தார், வரிசை பதினான்கு, கல் ஒன்பது. நம் வீட்டிலிருந்து இன்னும் யாரும் அந்தக் கல்லைப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான்.

அஃபீஃபா


யான்பு
9 ஜனவரி 2026

அஃபீஃபா,

அந்தப் பெயரைப் படம் எடுத்து அனுப்பாதே. நீ எழுதியது போதும்.

டாக்டரைப் பார்த்தேன். வாப்பா மௌத், லீவு தரவில்லை, அவ்வளவுதான் டாக்டர் என்றேன். மலையாளி. "இதை நாலு மாசமா யாரும் கேக்கலியா?" என்று தமிழில் கேட்டார். பதினைந்து நாள் லீவு எழுதினார். ரீ-என்ட்ரி அடித்தாகிவிட்டது. அன்பரசன் உம்மாவுக்கு ஒரு டப்பா பேரீச்சம்பழம் வாங்கி வைத்திருக்கிறான். "நீங்க போயிட்டா மேல யாரு பேசுவா பாய்" என்கிறான்.

23ஆம் தேதி வெள்ளிக்கிழமை வருகிறேன். நேரே வீட்டுக்கு வரமாட்டேன், முதலில் கபருக்கு. அசர் தொழுதுவிட்டுக் கூப்பிடுவேன். எடு. வாப்பாவாக வேண்டாம், நீயாக எடு. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைச் சொல். நான் முதல் தடவை கேட்பதுபோல் கேட்கிறேன்.

ராஜிக்


ரோலா, ஷார்ஜா
13 பிப்ரவரி 2026

காக்கா,

உங்களுக்குத் தெரிந்ததையேதான் எழுதுகிறேன். கையால் எழுதியதைத்தான் நம்புவேன் என்றீர்கள். அது நடந்தது என்று உங்களிடம் ஒரு தாள் இருக்கட்டும்.

ஜனவரி 23. மூடுபனியால் விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். மீரா சாகிப் மாமா உங்களை அங்கிருந்து நேரே மையவாடிக்குக் கூட்டிப்போனார். உம்மா பகலிலேயே சோறாக்கி மூடி வைத்துவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் உள் அறையில் வாப்பாவின் போனை மடியில் வைத்திருந்தேன்.

அசர் முடிந்து இருபது நிமிடம் கழித்து அடித்தது. "ராஜிக் யான்பு" என்று வந்தது. எடுத்தேன்.

"நான் அஃபீஃபா" என்றேன்.

காற்றுச் சத்தம் மட்டும் வந்தது.

"காக்கா, வாப்பா மௌத்தாயிட்டாங்க."

"இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்" என்றீர்கள். பிறகு "எப்ப?" என்று கேட்டீர்கள். "வியாழக்கெழம மஃரிபுக்குப் பொறவு" என்றேன். "வலிச்சிச்சாமா?" என்றீர்கள். "இல்ல காக்கா. கைலி மடிச்சிட்டு இருந்தாங்க." நீங்கள் அழுதீர்கள். நானும் அழுதேன். வாசலிலிருந்து உம்மாவும் அழும் சத்தம் கேட்டது. அன்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் அழுதோம்.

போனை நீங்கள் அணைக்கவில்லை. மண் விழும் சத்தம் மூன்று தடவை கேட்டது.

மஃரிபுக்கு முன்னால் வீட்டுக்கு வந்து, கை கழுவி, உம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். பதினைந்து நாள் இருந்தீர்கள். ஏழாம் தேதி யான்புவுக்குத் திரும்பிப் போனீர்கள். வாப்பாவின் போன் அன்று இரவு சார்ஜ் தீர்ந்து நின்றது. நான் மறுபடி சார்ஜ் போடவில்லை.

அஃபீஃபா